துப்பாக்கி வாங்கியாச்சு, அப்புறம்?

2020 மார்ச்சில் அமெரிக்கக் கடைகளில் டாய்லெட் பேப்பர் தீர்ந்துபோனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதே வாரங்களில் துப்பாக்கிக் கடை வாசல்களிலும் வரிசை நின்றது, உள்ளே 9 எம்எம் தோட்டா அடுக்கும் அலமாரிகள் காலியாகக் கிடந்தன. துப்பாக்கி வாங்க வருகிறவரின் பின்னணியைச் சரிபார்க்கும் எஃப்பிஐ அமைப்புக்கு 2019இல் வந்த விண்ணப்பங்கள் சுமார் 2 கோடியே 84 லட்சம். 2020இல் அது 3 கோடியே 97 லட்சம். ஒரு சரிபார்ப்பு என்றால் ஒரு விற்பனை என்று அர்த்தமில்லை, சில மாநிலங்களில் லைசென்ஸுக்காகவும் அதே சரிபார்ப்பு நடக்கும், ஆனாலும் போக்கு என்ன என்று தெரிந்துகொள்ள இது போதும். 2019 ஜனவரியிலிருந்து 2021 ஏப்ரல் வரை மட்டும் ஏறக்குறைய 75 லட்சம் பேர் வாழ்க்கையில் முதல்முறையாகத் துப்பாக்கிக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள் என்று ஒரு பெரிய கருத்தாய்வு கணக்கிட்டது. அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் பெண்கள்.

அந்த 75 லட்சத்தில் அமெரிக்காவில் வாழும் நம் ஆட்களும் இருக்கிறார்கள். கோவிட், போராட்டங்கள், தேர்தல் கொந்தளிப்பு, அப்புறம் ஐடி வேலை நீக்கங்கள், இந்தியக் குடும்பங்களிடம் தங்கம் இருக்கும் என்று தெரிந்தே வீடு புகும் திருடர்கள், கோயிலுக்குப் போகும்போதுகூட ஒரு தயக்கம். பயப்படக் காரணம் இல்லை என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். மனைவி மக்களைக் காப்பாற்ற ஒரு பொருள் கையில் இருக்கட்டும் என்று நினைப்பதில் எந்தத் தவறும் இல்லை. நானும் அப்படித்தான் வாங்கினேன். என் கவலையெல்லாம் வாங்கிய பிறகு நடப்பதைப் பற்றித்தான். கடையிலிருந்து வந்த பெட்டி அப்படியே அலமாரியின் மேல்தட்டுக்குப் போகிறது, ஒரு சனிக்கிழமை நண்பர்களோடு ரேஞ்சுக்கு, அதாவது சுடுபயிற்சி இடத்துக்குப் போய் ஐம்பது தோட்டா சுடுகிறோம், காகிதத்தில் விழுந்த ஓட்டைகளைப் போட்டோ எடுக்கிறோம், அதோடு தயாராகிவிட்டோம் என்று மனசு சொல்லிவிடுகிறது.

தயாராகவில்லை. பயத்தில் வாங்கிய துப்பாக்கியோடு பயமும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. இரவு இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டால் முதலில் எழுந்து நிற்பது அந்தப் பயம்தான், அதன் கையில்தான் துப்பாக்கியும் இருக்கும். பயிற்சி என்பது அந்தக் கையைப் பழக்குவது. எப்போது சுடக் கூடாது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொள்வதுதான் அதில் பெரும்பகுதி என்று வகுப்புகளுக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சட்டம் கட்டாயப்படுத்தும் என்று காத்திருக்க முடியாது. 2022 ஜூனில் ப்ரூயென் வழக்கில், வீட்டுக்கு வெளியே தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வதும் அரசியல் சட்டம் தரும் உரிமைதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு நியூயார்க் 16 மணி நேர வகுப்பையும் 2 மணி நேரச் சுடுபயிற்சியையும் கட்டாயமாக்கியது, கலிஃபோர்னியாவும் 16 மணி நேரம் என்றது, இல்லினாய்ஸில் ஏற்கெனவே 16 மணி நேரம் இருந்தது. இன்னொரு பக்கம், 2024 நிலவரப்படி 29 மாநிலங்களில் மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸே வேண்டாம். டெக்ஸஸ் 2021 செப்டம்பரில் அந்த வரிசையில் சேர்ந்தது. அங்கே காலையில் வாங்கி மாலையில் இடுப்பில் செருகிக்கொண்டு காய்கறி வாங்கப் போகலாம், ஒரு மணி நேர வகுப்புகூடத் தேவையில்லை. கட்டாயம் வேண்டுமா வேண்டாமா என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை. சட்டம் கேட்காததால் நமக்குத் தேவையில்லை என்று ஆகிவிடாது, அவ்வளவுதான். 2017இல் வெளியான ஒரு தேசிய ஆய்வில், துப்பாக்கி வைத்திருப்பவர்களில் சுமார் 61 சதவீதம் பேர்தான் ஏதாவது ஒரு முறையான பயிற்சி பெற்றதாகச் சொன்னார்கள். அந்த 61இலும் சின்ன வயதில் வேட்டைக்காகக் கற்றவர்கள், எப்போதோ ராணுவத்தில் இருந்தவர்கள் எல்லாம் அடக்கம்.

ஆபத்தில் உடம்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். இதயம் அடித்துக்கொள்கிறது, கண் எதிரே இருக்கும் ஒரே ஒரு பொருளில் போய் ஒட்டிக்கொள்கிறது, பக்கவாட்டில் நடப்பது தெரிவதில்லை, பக்கத்தில் நின்று மனைவி கத்துவது காதில் விழுவதில்லை, விரல்கள் மரத்துப்போகின்றன. ரேஞ்சில் ஏசி ஓட, காதில் சத்தம் தடுக்கும் மஃப் மாட்டிக்கொண்டு, நிதானமாக மூச்சுவிட்டு, ஏழு கஜத்தில் அசையாமல் தொங்கும் காகிதத்தைச் சுட்ட அனுபவம் அங்கே பாதிகூடக் கைகொடுக்காது. இதையே தொழிலாகச் செய்கிறவர்களின் கதையைப் பாருங்கள். நியூயார்க் நகரப் போலீஸைப் பற்றி 2008இல் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1998 முதல் 2006 வரை, எதிராளியும் திருப்பிச் சுட்ட சம்பவங்களில் போலீஸ் சுட்ட தோட்டாக்களில் சராசரியாக 18 சதவீதம்தான் இலக்கில் பட்டன. எதிராளி சுடாதபோதும் 30 சதவீதம்தான். மீதித் தோட்டாக்கள் எங்கோ போயின. எங்கே போகும் என்பதை 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வாசலில் உலகமே பார்த்தது. இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு கொலைகாரனை நோக்கி 16 முறை சுட்டார்கள், அவன் செத்தான், தெருவில் போய்க்கொண்டிருந்த 9 பேருக்குக் காயம். எல்லாமே போலீஸ் தோட்டாக்களாலோ அவற்றின் சிதறல்களாலோ ஏற்பட்டவை. சம்பளம் வாங்கிக்கொண்டு பயிற்சி எடுக்கிறவர்களுக்கே இந்த நிலைமை என்றால், வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போகிற நாம் எம்மாத்திரம்?

அமெரிக்க வீடுகளின் உள்சுவர் என்பது மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை. 9 எம்எம் தோட்டாவுக்கு அது ஒரு தடையே கிடையாது. குறி தவறினால் அது அடுத்த அறைக்குப் போகும், அந்த அறையில் யார் தூங்குகிறார்கள் என்பது நமக்குத்தான் தெரியும். சுடுவதற்கு முன் இலக்கு எது, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது நான்கு பாதுகாப்பு விதிகளில் கடைசி. இந்த விதிகளை இன்றைய வடிவில் பரப்பியவர் ஜெஃப் கூப்பர், 1976இல் அரிசோனாவில் கன்சைட் பள்ளியைத் தொடங்கியவர். மற்ற மூன்று: எல்லாத் துப்பாக்கியிலும் எப்போதும் தோட்டா இருப்பதாகவே நினை, அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல் வாயைத் திருப்பாதே, குறி இலக்கில் பதியும்வரை சுடும் விசையான ட்ரிகரில் விரலை வைக்காதே. நான்கையும் ஒரு நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். பதற்றத்திலும் கை தானாக அவற்றைக் கடைப்பிடிக்க மாதக்கணக்கில் பழக வேண்டும்.

வகுப்பில் இதை நேரில் பார்த்தேன். துப்பாக்கி ஜாம் ஆகிவிடுகிறது, சுட்ட தோட்டாவின் வெற்று உறை வெளியே விழாமல், துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடில் செங்குத்தாகச் சிக்கிக்கொள்கிறது. புதிதாக வந்தவர் என்ன செய்கிறார்? என்ன ஆச்சு என்று பார்க்கத் துப்பாக்கியைத் தன் பக்கமாகத் திருப்புகிறார், குழல் வாய் பக்கத்தில் நிற்பவரின் வயிற்றைக் கடந்து போகிறது, விரல் இன்னும் ட்ரிகரிலேயே இருக்கிறது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பழுதான பொருளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து பார்ப்பது மனித சுபாவம். பயிற்சியாளர் அவர் மணிக்கட்டைப் பிடித்து முன்பக்கமாகத் திருப்பினார், அதட்டவில்லை. தோட்டாக்கள் இருக்கும் மேகசினைக் கீழிருந்து ஒரு தட்டு, ஸ்லைடைப் பின்னால் இழுத்து விடு, மறுபடி இலக்கைப் பார், சுட வேண்டிய தேவை இன்னும் இருக்கிறதா என்று பார். தட்டு, இழு, பார். மதியம் முழுக்க இதையேதான் செய்தோம்.

அன்று மாலை விளக்கை அணைத்துவிட்டு வேறொரு பயிற்சி. கதவுச்சட்டம் ஒன்று, அதற்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு அச்சடித்த புகைப்பட இலக்கு. ஒவ்வொருவருக்கும் வேறு வேறு படம். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் துப்பாக்கி. விளக்கடித்தால் தொப்பி வைத்த ஓர் ஆள் கையை இடுப்பு உயரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறான். அந்தக் கையில் கறுப்பாக ஏதோ ஒன்று. எனக்கு முன்னால் போனவர் மிக நிதானமான மனிதர், காலையிலிருந்து எங்கள் குழுவிலேயே நன்றாகக் குறி பார்த்துச் சுட்டவர் அவர்தான். இரண்டு முறை சுட்டார், இரண்டும் நெஞ்சில். விளக்கைப் போட்டதும் படத்தில் இருந்தவன் கையில் செல்போன் இருந்தது. பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை, அவரை இலக்குக்குப் பக்கத்தில் போய் நின்று பார்க்கச் சொன்னார். காகிதம்தானே என்று சிரிக்கும் நிலையில் அங்கே யாரும் இல்லை.

ஏன் என்றால் இப்படி நடந்திருக்கிறது. 1992 அக்டோபரில் லூயிசியானாவின் பேட்டன் ரூஜில், ஹாலோவீன் விருந்துக்குப் போன 16 வயது ஜப்பானிய மாணவன் தவறான வீட்டின் பெல்லை அடித்தான். வீட்டுக்காரர் நில் என்று கத்தியது அவனுக்குப் புரியவில்லை, சுட்டுக் கொல்லப்பட்டான். குற்ற வழக்கில் வீட்டுக்காரருக்கு விடுதலை கிடைத்தது, சிவில் வழக்கில் 6 லட்சத்து 50 ஆயிரம் டாலர் நஷ்டஈடு தரச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரலில், தம்பிகளை அழைத்துவரப் போன 16 வயதுப் பையன் கன்சாஸ் சிட்டியில் தவறான வீட்டில் காலிங் பெல் அடித்தான், 84 வயது முதியவர் கண்ணாடிக் கதவு வழியாகவே அவன் தலையில் சுட்டார். பையன் பிழைத்ததே ஆச்சரியம். இரண்டே நாளில் நியூயார்க் மாநிலத்தின் ஹெப்ரான் என்ற ஊரில், வழி தெரியாமல் தவறான வீட்டு டிரைவ்வேக்குள் திரும்பிய காரை நோக்கி வீட்டுக்காரர் சுட்டார், உள்ளே இருந்த 20 வயதுப் பெண் இறந்தாள். அவருக்கு 25 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறை. நம் பிள்ளைகள் எத்தனை முறை தவறான வீட்டின் பெல்லை அடித்திருப்பார்கள், நாம் எத்தனை முறை ஜிபிஎஸ்ஸை நம்பி யாரோ வீட்டு டிரைவ்வேயில் வண்டியைத் திருப்பியிருப்போம்! அந்தக் கதவின் எந்தப் பக்கத்திலும் நாம் இருக்கலாம்.

நல்ல வகுப்பு இதற்கு ஒரு மாற்று வழியைக் கையில் கொடுக்கும். அங்கே சொல்லித்தருவது பெரும்பாலும் இதுதான்: சத்தம் கேட்டால் வீடு முழுக்கத் தேடிக்கொண்டு போகாதே. குடும்பத்தை ஒரே அறைக்குக் கொண்டு வா, எந்த அறை என்பதை இன்றைக்கே முடிவு செய். கதவைப் பூட்டு, அவசர உதவி எண் 911ஐக் கூப்பிடு, போனைக் காதில் வைக்காமல் ஸ்பீக்கரில் போடு. கட்டிலுக்குப் பின்னால் தாழ்ந்து உட்கார், துப்பாக்கி கதவைப் பார்க்கட்டும், விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்கட்டும். போலீஸைக் கூப்பிட்டாயிற்று, என் கையில் துப்பாக்கி இருக்கிறது, வெளியே போ என்று உரக்கக் கத்து. டிவியும் லேப்டாப்பும் போனால் போகட்டும், இன்ஷூரன்ஸ் இருக்கிறது. போலீஸ் வந்ததும் துப்பாக்கியைக் கீழே வை, அவர்களுக்கு யார் வீட்டுக்காரர், யார் திருடன் என்று தெரியாது. நம் தோல் நிறத்தை வைத்துக்கொண்டு கையில் துப்பாக்கியோடு அவர்கள் எதிரே போய் நிற்பதை நினைத்துப் பாருங்கள். வேறு எதுவுமே கற்காவிட்டாலும் இந்தப் பத்து வரிகளைக் கற்கவாவது ஒருநாள் வகுப்புக்குப் போகலாம்.

வெளியே கணக்கு வேறு. 1983இல் சால்ட் லேக் சிட்டிப் போலீஸ் சார்ஜென்ட் டென்னிஸ் டியூலர் ஒரு விஷயத்தை அளந்து எழுதினார். 21 அடி தூரத்தில் கத்தியோடு நிற்பவன் சுமார் ஒன்றரை விநாடியில் நம்மைத் தொட்டுவிடுவான். பழகியவர் இடுப்பு உறையான ஹோல்ஸ்டரிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும். சட்டைக்குள், ஜாக்கெட்டுக்குள், பூட்டிய கைப்பையின் அடியில் இருக்கும் துப்பாக்கியை எடுக்க எவ்வளவு ஆகும் என்று வீட்டில் காலித் துப்பாக்கியை வைத்து நேரம் பார்த்தால் தெரியும். இதைச் சிலர் 21 அடிக்குள் வந்தால் சுடலாம் என்று ஒரு சட்டவிதி மாதிரி புரிந்துவைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. நேரம் எவ்வளவு குறைவு என்று காட்டத்தான் அந்தக் கணக்கு. அதனால் முன்கூட்டியே பார், விலகு, நடுவில் ஒரு காரையோ மேஜையையோ வை.

சட்டத்தைப் பற்றி ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்க வேண்டும், இதில் நம் ஆட்கள் வாட்ஸாப் வழியாகக் கற்றது பெரும்பாலும் தவறு. திருடன் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் சுடலாம், சுடப்பட்டவன் வெளியே விழுந்தால் உள்ளே இழுத்துப் போடு என்றெல்லாம் பேசிக்கொள்கிறார்கள். உள்ளே இழுத்துப் போட்டால் அது தடயத்தை அழிக்கும் தனிக் குற்றம். பயிற்சியில் மூன்று கேள்விகள் கற்றுத் தருவார்கள்: அவனிடம் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் வலு இருக்கிறதா, இப்போது இங்கே அதைச் செய்ய அவனுக்கு வாய்ப்பு இருக்கிறதா, செய்யப்போகிறான் என்று நியாயமான ஒரு மனிதர் நம்பும்படி நடந்துகொள்கிறானா? மூன்றுக்கும் ஆமாம் என்றால்தான் பேச்சு. ஓடுகிற திருடனின் முதுகில் சுட்டால் பெரும்பாலான மாநிலங்களில் அது தற்காப்பு ஆகாது. ஃப்ளோரிடா 2005இல் கொண்டுவந்த சட்டப்படி பின்வாங்கும் கடமை இல்லை. நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் வீட்டுக்கு வெளியே, பாதுகாப்பாக விலகிப்போக முடிந்தால் விலகித்தான் ஆக வேண்டும். மாநில எல்லையைத் தாண்டினால் உங்கள் லைசென்ஸ் வெறும் பிளாஸ்டிக் அட்டையாகிவிடலாம்.

விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்லித்தருவதில்லை. வேலைக்கான ஹெச்-1பி, அவர்கள் குடும்பத்துக்கான ஹெச்-4, மாணவர்களுக்கான எஃப்-1 போன்ற விசாக்களில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே ஃபெடரல் சட்டம் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து ஒரு மணி நேரம் சுடுவதும் வைத்திருப்பதாகவே கணக்கு. நண்பன் கூப்பிட்டான் என்று போய்ப் போட்டோ போடுகிற பையன்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. க்ரீன் கார்டு இருந்தால் வாங்கலாம், பயிற்சி எடுக்கலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தப்படக் காரணமாகிவிடும். நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு தவறின் விலை மற்றவர்களைவிட அதிகம், அதனால் பயிற்சியும் மற்றவர்களைவிட அதிகமாக வேண்டும்.

பெரும்பாலான சுடுபயிற்சி வகுப்புகள் சொல்லாமல் விடுவதையும் எழுதிவிடுகிறேன். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர், அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடனுக்காக வாங்கிய துப்பாக்கி, வேலை போன ஒரு மாதத்தில், மணமுறிவு பேச்சு நடக்கும் ஒரு வாரத்தில், பள்ளியில் அடிபட்டு வந்த ஒரு மாலையில் வீட்டிலிருப்பவரையே எடுத்துக்கொள்கிறது. மற்ற வழிகளில் முயன்று பிழைத்தவர்கள் ஏராளம், துப்பாக்கியில் பத்தில் ஒன்பது பேர்வரை பிழைப்பதில்லை. நிச்சயமற்ற காலம் வெளியே மட்டும் இருப்பதில்லை, வீட்டுக்குள்ளும் இருக்கிறது. விரல் வைத்தால் ஒரு விநாடியில் திறக்கும் சின்னப் பெட்டகம் நூறு, இருநூறு டாலருக்குக் கிடைக்கிறது, துப்பாக்கி உங்கள் இடுப்பில் இல்லாத நேரமெல்லாம் அதற்குள் இருக்கட்டும். வீட்டில் யாராவது மனம் உடைந்திருந்தால் கொஞ்ச நாளைக்குத் துப்பாக்கியை வீட்டைவிட்டே வெளியே கொடுத்துவையுங்கள், பல ஊர்களில் துப்பாக்கிக் கடைகளே வாங்கி வைத்துக்கொள்ளும். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988 எந்த நேரமும் வேலை செய்யும். பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நம்பாதீர்கள், அப்பா எங்கே வைத்திருக்கிறார் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டுத் துப்பாக்கியோடு போய்ப் பள்ளியில் சுட்ட ஒரு மாணவனின் தாய் தந்தை இருவரையுமே 2024இல் மிச்சிகன் நீதிமன்றம் குற்றவாளிகள் என்று அறிவித்துச் சிறைக்கு அனுப்பியது.

சரி, வகுப்பை எப்படித் தேடுவது? ராணுவ உடுப்பும் மிரட்டல் பேச்சுமாக இருக்கும் இடங்களை நான் தவிர்ப்பேன். போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள்: சுடக் கூடாத இலக்குகளை வைத்துப் பயிற்சி உண்டா, உங்கள் மாநிலச் சட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறீர்கள்? இரண்டுக்கும் தடுமாறினால் அடுத்த எண்ணுக்குப் போய்விடுங்கள். முதலில் ஓர் அடிப்படை வகுப்பு, கொஞ்ச நாள் கழித்துத் தற்காப்பு வகுப்பு, முடிந்தால் குறைந்த வெளிச்சத்தில் ஒன்று. இதோடு 2015இல் தொடங்கிய ஸ்டாப் த ப்ளீட் வகுப்பு, பல இடங்களில் இலவசம், ஒன்றிரண்டு மணி நேரம்தான் ஆகும். பீறிடும் ரத்தத்தை டூர்னிக்கே என்ற இறுக்குப் பட்டையால் கட்டி நிறுத்தக் கற்றுத் தருவார்கள், சமையலறை வெட்டுக்கும் சாலை விபத்துக்கும்கூட உதவும். துப்பாக்கியைவிட இதைப் பயன்படுத்தும் சந்தர்ப்பம்தான் உங்களுக்கு அதிகம் வரும். வீட்டில் பழகத் தோட்டாவே வேண்டாம், துப்பாக்கியை இரண்டு முறை சரிபார்த்துக் காலி செய்து, தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டு, வாரத்தில் சில நாள் பத்து நிமிடம் ட்ரிகர் பழகினாலே கை நிலைக்கும்.

போகும்போது வீட்டில் இருக்கும் இன்னொரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். துப்பாக்கி பிடிக்காது, தொட மாட்டேன் என்று சொல்கிற மனைவியோ கணவரோ என்றால் அவசியம் கூட்டிக்கொண்டு போங்கள், தொட வேண்டாம், பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டால் போதும். எந்த அறைக்கு ஓட வேண்டும், 911இல் என்ன சொல்ல வேண்டும், பெட்டகத்தை எப்படித் திறப்பது, உள்ளே இருப்பதை எப்படிக் காலி செய்வது என்பதெல்லாம் அவருக்கும் தெரிய வேண்டும், ஏனென்றால் நீங்கள் ஊரில் இல்லாத இரவுகளிலும் அந்தப் பெட்டகம் அதே வீட்டில்தான் இருக்கப்போகிறது.